விர்ச்சுவல் மெஷின் லினக்ஸில் சத்தம் வரவில்லையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

"வீடியோ ஓடுது, சத்தம் மட்டும் வரலை. உபுண்டுவை அழிச்சிட்டு மறுபடி போட்டுறவா?" வேண்டாம். வலை கிழிந்திருக்க எஞ்சினைப் பிரிக்கிற வேலை அது. விண்டோஸில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள் உருவாக்கும் போலிக் கணினிதான் விர்ச்சுவல் மெஷின். உபுண்டு லினக்ஸ் ஓடுவது அதற்குள். உள்ளே ஓடும் பாட்டு நம் காதுக்கு வருவதற்குள் பிளேயர், பைப்வயர் (லினக்ஸில் ஒலியைக் கையாளும் சர்வீஸ்), போலி சவுண்ட் கார்டு, விர்ச்சுவல்பாக்ஸ், விண்டோஸ், ஸ்பீக்கர் என்று பல கை மாறுகிறது. கோளாறை வெளியிலிருந்து உள்ளே தேடிப் போங்கள்.

முதலில் விண்டோஸிலேயே ஒரு பாட்டைப் போடுங்கள். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இதைத் தாண்டிப் போகவே கூடாது. உப்புக்காற்றில் ஹெட்போன் பின்னில் களிம்பு பிடித்துவிடும். லேசாகத் திருகினால் ஒரு காதில் மட்டும் கேட்கும். அதற்கு லினக்ஸ் என்ன செய்யும்? அங்கே சத்தம் நன்றாக வந்தால், உள்ளே பாட்டு ஓடும்போதே விண்டோஸின் வால்யூம் மிக்சரைத் திறந்து, விர்ச்சுவல்பாக்ஸ் மட்டும் மியூட்டில் கிடக்கிறதா என்று பாருங்கள்.

மெஷினை 'சேவ் ஸ்டேட்' கொடுத்து, அதாவது ஓடுகிற நிலையிலேயே உறைய வைத்து மூடிவிட்டு, விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்கில் ஆடியோ கன்ட்ரோலரை, அதாவது போலி சவுண்ட் கார்டின் வகையை, மாற்ற முடியவில்லையே என்று திகைப்பவர்கள் உண்டு. முழுதாக ஷட்டவுன் செய்தால்தான் மாற்றலாம். அதே இடத்தில் அவுட்புட்டுக்கும் (ஸ்பீக்கர்) இன்புட்டுக்கும் (மைக்) தனித்தனி டிக். ஆன்லைன் வகுப்பில் நீங்கள் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை என்றால் இன்புட் டிக்கைப் பாருங்கள். வழக்கமாக அது போடாமலே இருக்கும்.

உள்ளே 'டம்மி அவுட்புட்' என்று காட்டினால், பைப்வயருக்குக் கார்டே கிடைக்கவில்லை என்று பொருள். வால்யூமை ஏற்றி இறக்குவது வீண். டெர்மினலில் ஏபிளே கட்டளையோடு ஒரு கோடும் சிறிய எல்லும் சேர்த்து (aplay -l) அடியுங்கள். கார்டின் பெயர் வந்தால் லினக்ஸின் மையமான கெர்னலுக்கு அது தெரிகிறது, சிக்கல் பைப்வயர் பக்கம். வராவிட்டால் கன்ட்ரோலரை 'இன்டெல் எச்டி ஆடியோ'வுக்கு மாற்றிப் பாருங்கள். உபுண்டுவுக்குப் பதில் டெபியன் லினக்ஸும் அதன் கிளவுட் கெர்னலும் போட்டிருந்தால் அதில் சவுண்ட் டிரைவர்களே கிடையாது. சாதாரண கெர்னலைப் போடுங்கள். கார்டு இருந்தும் ஊமையாக இருந்தால், டெர்மினலில் ஆல்சாமிக்சரைத் (alsamixer) திறந்து, மியூட் என்பதற்கு அடையாளமாக 'எம்எம்' என்று காட்டும் இடத்தில் எம் விசையைத் தட்டினால் போதும்.

பைப்வயரை ரீஸ்டார்ட் செய்ய சூடோ (நிர்வாகி அதிகாரம்) போடுவது பலருக்குக் கைப்பழக்கம். அது உங்கள் லாகினுக்குள் ஓடும் சர்வீஸ். சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் 'யூசர்' சேர்த்து (systemctl --user restart pipewire), சூடோ இல்லாமல் கொடுங்கள். உபுண்டு டெஸ்க்டாப்பில் 22.10 முதல் பைப்வயர்தான் வழக்கம். அதற்கு முந்தைய குறிப்புகளைப் பார்த்து, முன்பு அந்த வேலையைச் செய்த பல்ஸ்ஆடியோவை நோண்டினால் குழப்பம்தான் மிஞ்சும்.

சத்தம் வருகிறது, ஆனால் கரகரவென்று உடைகிறதா? டிரைவரைத் திட்டுவதற்கு முன், மெஷினுக்கு பிராசசரின் எத்தனை கோர் கொடுத்தீர்கள் என்று பாருங்கள். நாலு கோர் லேப்டாப்பில் நாலையும் கொடுத்தால் விண்டோஸுக்கு மூச்சு முட்டும், இரண்டு போதும். அப்புறம் பஃபர், அதாவது ஒலித் துண்டுகளை (சாம்பிள்) முன்கூட்டியே சேர்த்து வைக்கும் இடம். 48,000 ஹெர்ட்ஸில் 256 சாம்பிள் என்பது சுமார் 5 மில்லிசெகண்ட்தான். மெஷின் அதற்குள் அடுத்த தொகுதியைத் தராவிட்டால் சத்தம் அறுந்துவிடும். பைப்வயரின் குறைந்தபட்ச குவாண்டத்தை, அதாவது ஒரு தடவையில் கையாளும் சாம்பிள் எண்ணிக்கையை, 1024 ஆக்கினால் 21 மில்லிசெகண்ட் அவகாசம் கிடைக்கும். பாட்டுக் கேட்கவும் வகுப்புப் பார்க்கவும் அந்தத் தாமதம் தெரியவே தெரியாது.