கேம் கஷ்டமா, கன்ட்ரோல் கஷ்டமா: வாதாடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பெரம்பூரில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மகன், காலேஜ் இரண்டாம் வருஷம், டிவி முன்னால் உட்கார்ந்து செகிரோ என்ற வாள்சண்டை கேம் ஆடிக்கொண்டிருந்தான். கெனிச்சிரோ என்கிற பாஸிடம், அதாவது பெரிய எதிரியிடம், மூன்று நாளாக மாட்டிக்கொண்டு முழிக்கிறான். "அண்ணா, கரெக்டாதான் அழுத்துறேன், ஆனாலும் அடி விழுது. இது சீட்டிங் கேம்" என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்து திரையை விட்டுவிட்டு அவன் விரலையே கவனித்தேன். எதிரியின் வாள் வந்து விழும் நொடியில்தான் எல்1 பட்டனை அழுத்துகிறான். ஆனால் அவன் ஆளின் வாள் உயர்வது அதற்குப் பிறகு, கண்ணுக்கே தெரிகிற தாமதத்தோடு. ரிமோட்டை வாங்கி டிவியின் பிக்சர் செட்டிங்கைத் திறந்தேன். சினிமா மோடில் இருந்தது, அசைவுகளை மழமழவென்று காட்டும் வசதியும் ஆன். இரண்டையும் மாற்றி கேம் மோட் போட்டேன். அடுத்த முறை ஆடும்போதே வாளோடு வாள் மோதும் அந்த 'டிங்' சத்தம் நாலைந்து தடவை விடாமல் கேட்டது.

மூன்று நாள் டிவியோடு மல்லுக்கட்டியிருக்கிறான் பையன்.

கணக்கு இதுதான். 60 எஃப்பிஎஸ்ஸில், அதாவது விநாடிக்கு 60 ஃப்ரேமில், ஓடும் கேமில் ஒரு ஃப்ரேம் சுமார் 16.7 மில்லிவிநாடி. படத்தை மெருகேற்றும் வேலையில் டிவி 100 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டால், நீங்கள் பார்ப்பது ஆறு ஃப்ரேம் பழைய காட்சி. கதையை ரசித்து மெதுவாக ஆடுகிற கேம் என்றால் இது தெரியவே தெரியாது. நொடிக் கணக்கில் வாளைத் தடுக்க வேண்டிய கேமில் இதுவே உயிரை வாங்கிவிடும். அதனால் 'இந்த கேம் ரொம்ப கஷ்டம்' என்று யாரிடமாவது சொல்லும் முன் டிவியில் கேம் மோட் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். கன்ட்ரோலரைக் கையில் எடுக்காமல் மேஜைமேல் வைத்துப் பாருங்கள். தொடாமலேயே கேமரா மெல்ல நகர்ந்தால் அது ஸ்டிக் தேய்ந்ததால் வரும் டிரிஃப்ட். ஸ்டிக்கின் சின்ன அசைவை கேம் கண்டுகொள்ளாமல் விடும் அளவுக்கு டெட் ஸோன் என்று பேர், அதைக் கொஞ்சம் கூட்டினால் தற்காலிகமாகச் சரியாகும். ஸ்டிக்கை மாற்றுவது என்று முடிவானால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நடை விசாரித்துப் பாருங்கள். ஹால் எஃபெக்ட் ஸ்டிக் கிடைத்தால் நல்லது. அது காந்தத்தை வைத்து அசைவை அளக்கிறது, உரசித் தேயும் பாகம் அதில் இல்லை.

கஷ்டம் என்ற ஒரே சொல்லில் நாம் பல விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். எதிரி பலசாலி என்பதும் கஷ்டம்தான், பட்டன் கைக்கு எட்டவில்லை என்பதும் கஷ்டம்தான், என்ன செய்யவேண்டும் என்று கேம் சொல்லாமல் விட்டதும் கஷ்டம்தான். பிரவுசிங் சென்டர் காலத்து ஆட்களுக்கு ஜிடிஏ வைஸ் சிட்டி கேமின் அந்தப் பொம்மை ஹெலிகாப்டர் மிஷன் மறந்திருக்காது. கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்குள் பறந்து நாலு குண்டு வைக்க வேண்டும். வடபழனியில் நான் போன சென்டரில் அதை முடித்த பையனுக்குத் தனி மரியாதை உண்டு. மற்ற மிஷன்களில் யாருமே சீந்தாத நம்பர் பேடை இதில் ஹெலிகாப்டரைச் சாய்க்கப் பயன்படுத்த வேண்டும் என்பது எங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கோ அந்தக் கீபோர்டில் பாதிக் கீ வேலை செய்யாது. மிஷன் அவ்வளவு பயங்கரமானதே இல்லை. பின்னாளில் வீட்டுக் கம்ப்யூட்டரில் கீயை எல்லாம் வசதிக்கு மாற்றி வைத்துக்கொண்டு இரண்டாவது முறையிலேயே முடித்தேன். புது கேம் போட்டதும் முதல் பத்து நிமிஷத்தை கன்ட்ரோல் மெனுவுக்குக் கொடுங்கள். கேமரா மேலே போக ஸ்டிக்கை மேலே தள்ளுவதா கீழே இழுப்பதா என்பது ஒவ்வொருவர் பழக்கம், அதைச் சகித்துக்கொண்டு ஆட வேண்டிய அவசியமே இல்லை.

யாரோ ஒருவருடைய சென்சிட்டிவிட்டி கோட்

மொபைலில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிறவர்கள் அதிகம் செய்கிற தவறு இது. விரலை எவ்வளவு இழுத்தால் பார்வை எவ்வளவு நகரும் என்ற எண்கள்தான் சென்சிட்டிவிட்டி. யூடியூபில் பிடித்த பிளேயர் தன் எண்களை மொத்தமாக இறக்கிக்கொள்ளும் கோடைப் போடுவார். அதை அப்படியே இறக்கிக்கொண்டு, சுடும்போது துப்பாக்கி உதறும் ரீகாயில் அடங்கவில்லை என்று போனையும் கேமையும் மாறி மாறித் திட்டுவோம். அவர் போனின் திரை அளவு வேறு, போனைச் சாய்ப்பதை உணரும் கைரோ சென்சார் வேறு, ஃப்ரேம் ரேட் வேறு. அவர் நாலு விரலில் ஆடுகிறார், நாம் இரண்டு கட்டைவிரலில். கைரோ ஆன் செய்து ஆடுகிறவரின் எண்கள் கைரோ இல்லாமல் ஆடுகிறவருக்கு எதற்கு?

அவர் கோடை வைத்துத் தொடங்குங்கள், தப்பில்லை. பிறகு டிரெய்னிங் கிரவுண்டுக்குப் போய் ஒரே துப்பாக்கி, ஒரே ஸ்கோப், ஒரே தூரம் என்று வைத்துக்கொண்டு சுவரில் சுட்டுப் பாருங்கள். குண்டுத் தடம் மேலே ஏறினால் அந்த ஸ்கோப்பின் எண்ணை மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள், கீழே இறங்கினால் குறையுங்கள். ரெட் டாட்டுக்கும் 6எக்ஸுக்கும் தனித்தனி எண் இருப்பதே அதற்காகத்தான். ஒரு மேட்ச் தோற்ற கோபத்தில் எல்லா எண்ணையும் மாற்றிவிடாதீர்கள். விரல் ஒரு எண்ணுக்குப் பழகிக்கொண்டிருக்கும்போதே அடியில் தரையை உருவுகிற மாதிரி அது.

நம்ம ஊர் விஷயம் ஒன்று. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் உட்கார்ந்து ஆடினால் கட்டைவிரல் வேர்த்துத் திரையில் ஒட்டும், இழுத்தால் பாதியில் நிற்கும். போனும் சூடாகி ஃப்ரேம் விழும். இந்த நிலையில் ஆடிவிட்டு சென்சிட்டிவிட்டியைத் திருத்தினால், ஏஸி ரூமில் எல்லாமே தலைகீழாகத் தெரியும். விரலுறை போடுங்கள், போனைக் கொஞ்சம் ஆறவிடுங்கள், அப்புறம் எண்ணைத் தொடுங்கள்.

ஈஸி மோடில் ஆடுகிறவரைக் கேலி செய்வது

இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. தெருவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள்தானே நாம்? முதல் பால் ட்ரையல்ஸ் என்றோம். வீட்டுக் குட்டித் தம்பி அழுதால் 'ஒப்புக்குச் சப்பாணி'யாகச் சேர்த்துக்கொண்டோம், அவன் அவுட் ஆனாலும் பேட் அவனிடமே இருக்கும். தெரு குறுகலாக இருந்தால் ஒன் பிட்ச் ஒன் ஹேண்ட் கேட்சும் அவுட். ஆட்கள், இடம், வயசு பார்த்து விதியை வளைத்து எல்லோரையும் ஆடவைத்த கூட்டம், கன்ட்ரோலர் கைக்கு வந்ததும் 'ஈஸியில ஆடறதெல்லாம் ஆட்டமா' என்று கேட்பது எனக்குப் புரியவே இல்லை.

டிவி கேமில் கான்ட்ரா ஆடியவர்கள் மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்ற வரிசையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கான்ட்ராவில் 30 உயிர் தரும். கோனாமி நிறுவனத்தில் வேலை பார்த்த கஸுஹிசா ஹாஷிமோட்டோ 1986இல் கிரேடியஸ் கேமை வீட்டுக் கன்சோலுக்குக் கொண்டுவரும்போது, தன்னாலேயே அதை முடிக்க முடியவில்லை என்று தன் வசதிக்காக வைத்த குறுக்குவழி அது. 2005இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 4, நீங்கள் திரும்பத் திரும்பச் செத்தால் சொல்லாமல் கொள்ளாமல் கஷ்டத்தைக் குறைத்துவிடும். அதை நார்மலில் முடித்தேன் என்று பெருமைப்படுகிறவர் பாதி தூரம் ஈஸியில் நடந்திருக்கலாம். 2018இல் வந்த செலஸ்ட் இதை வெளிப்படையாகவே செய்தது. அதன் அசிஸ்ட் மோடில் கேமின் வேகத்தைப் பாதியாக்கலாம், சாகவே சாகாதபடியும் வைத்துக்கொள்ளலாம். 2020இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2இல் அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் வசதிகள் உண்டு. பட்டனைப் படபடவென்று தட்ட வேண்டிய இடத்தில் அழுத்திப் பிடித்தாலே போதும் என்று மாற்றிக்கொள்ளலாம். மணிக்கட்டு வலியோடு ஆடுகிறவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று வலி வந்தவரைக் கேளுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மெனுவில் ஈஸி, நார்மல், ஹார்ட் இல்லை என்றால் அந்த கேமில் கஷ்டத்தைக் குறைக்க வழியே இல்லை என்று முடிவுகட்டுவது. எல்டன் ரிங்கின் தொடக்கத்தில் தங்கக் கவசத்தோடு குதிரைமேல் ஒரு ட்ரீ சென்டினல் சுற்றிக்கொண்டிருப்பான். அங்கேயே மோதி முப்பது தடவை செத்துவிட்டு கேமை அழித்தவர்களைத் தெரியும். அவனைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம் என்பதே அந்த இடத்தின் பாடம் என்று நான் படிக்கிறேன். லெவல் ஏற்றிக்கொண்டு வரலாம், ஆவியைத் துணைக்குக் கூப்பிடலாம், இன்னொரு பிளேயரை அழைக்கலாம். கஷ்டத்தைக் குறைக்கும் கருவிகள் எல்லாம் உலகத்துக்குள் சிதறிக் கிடக்கின்றன.

பிடித்ததைச் சொல்லும்போது 'கேம்ப்ளே செம' என்று நிறுத்திவிடாதீர்கள். எது செம? செலஸ்டில் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் வந்த பிறகும் 0.1 விநாடிக்குள் அழுத்தினால் குதித்துவிடலாம். இதை கயோட்டி டைம் என்பார்கள். கார்ட்டூனில் பள்ளத்தாக்குக்கு மேல் காற்றிலேயே ஓடுகிற அந்த கயோட்டி (ஓநாய்க்குச் சொந்தக்கார மிருகம்) ஞாபகத்தில் வைத்த பேர். 'குதிப்பது நம் மனசு சொல்வதைக் கேட்கிறது' என்று ஆடுபவர் உணர்வதற்கு இந்த 0.1 விநாடிக்கும் பங்கு உண்டு. அதேபோல பாஸ் ஃபைட்டே இல்லாத கேமை 'இது கேமே இல்லை' என்று தள்ளுவதும் வேண்டாம். 2023இல் வந்த வெண்பாவில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்தின் அம்மா, அழிந்துபோன எழுத்துகள் கொண்ட சமையல் குறிப்பை வைத்து இட்லி செய்ய வேண்டும். தப்பு செய்தால் தண்டனை கிடையாது, திரும்பச் செய்யலாம். விட்டுப்போன வரியை ஊகிப்பதுதான் அங்கே கஷ்டம், இன்னொருவரின் கைப்பக்குவத்தைப் படிக்கிற கஷ்டம்.

உதவி கேட்கும்போது எங்கே, எதனால் செத்தோம் என்பதைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. பெரியம்மா மகன் நேற்று ராத்திரி மெசேஜ் அனுப்பியிருந்தான்: "அண்ணா, செகண்ட் ஃபேஸ். கெனிச்சிரோ குதிச்சு இறங்கினதும் ஆபத்துன்னு காட்டுற சிவப்பு எழுத்து வருது. அடுத்தது குத்தா வீச்சான்னு தெரியறதுக்குள்ள அடி விழுது. கேம் மோட் ஆன்லதான் இருக்கு." இதற்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது. எழுத்தைப் பார்க்காதே, அவன் வாள் முனையைப் பார். முனை உன்னை நோக்கி இருக்க வாளைப் பின்னுக்கு இழுத்தால் குத்து, பக்கவாட்டில் தாழ்ந்தால் வீச்சு. குத்துக்கு மிகிரி, அதாவது அவன் வாளைக் காலால் மிதித்து அமுக்கும் அசைவு. வீச்சுக்குக் குதி.