நிழலைப் பார்த்து நேரம் குறியுங்கள்: சருமத்துக்காக வெளியே போகத் தொடங்குவது எப்படி?

முழங்காலுக்குக் கீழே, எலும்பை ஒட்டிய இடத்தில் விரல் நகத்தால் லேசாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். சாக்பீஸில் போட்டது மாதிரி வெள்ளையாகப் பதிந்தால் தோல் வறண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்கு அப்படித்தான் விழுந்தது. காலை எட்டரைக்கு ஏசி அறைக்குள் நுழைந்தால் இருட்டிய பிறகுதான் வெளியே வருவேன். படுக்க இரவு ஒரு மணி ஆகும். தாடையோரம் பரு, முழங்கை மடிப்பில் அரிப்பு. தோல் மருத்துவர் களிம்பு எழுதித் தந்துவிட்டு, "வெளியே எப்போதுதான் போவீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்டதைத்தான் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நான் இருப்பது மதுரை. அதனால் வெயில் கணக்கும் இந்த ஊர்க் கணக்குதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியே போவது என்றால் வெயிலில் காய்வது இல்லை. தோலுக்கு வேண்டியதில் பெரும்பகுதி மர நிழலிலேயே கிடைத்துவிடும்.

படி 1: உங்கள் நிழலை அளந்து பாருங்கள்

காலையில் வாசலிலோ மொட்டை மாடியிலோ நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். ஏழு மணிக்கு அது பனைமரம் மாதிரி நீண்டு கிடக்கும். வெயில் ஏற ஏறச் சுருங்கும். நிழலும் உங்கள் உயரமும் சமமாகிற நேரம்தான் எல்லைக்கோடு. அதற்கு முன்னால் சூரியன் சாய்வாக இருப்பதால், தோலைச் சுடுகிற புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைக் காற்றுமண்டலமே வடிகட்டிவிடும். நிழல் உங்களை விடக் குட்டையாகிவிட்டால் அந்த வடிகட்டல் போதாது.

சித்திரை மாதத்தில் மதுரையில் இது காலை ஒன்பதேகால் வாக்கில் நடக்கிறது. மத்தியானம் மூன்றேகாலுக்குப் பிறகு நிழல் மறுபடி உங்கள் உயரத்தைத் தாண்டிவிடும். மார்கழியில் காலை எல்லை பத்து மணியைத் தாண்டும். கடிகாரத்தை விட நிழலை நம்பச் சொல்வது இதனால்தான், பருவம் மாறினாலும் அது சரியாகவே காட்டும்.

மொபைலில் வானிலை பார்க்கும் பழக்கம் இருந்தால் அதிலேயே புற ஊதாக் கதிரின் கடுமையைச் சொல்லும் யூவி இண்டெக்ஸ் என்று ஓர் எண் இருக்கும். 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11-க்குப் போனால் மிகக் கடுமை. கத்திரி வெயில் நாட்களில் நம் ஊர்களில் உச்சிவேளைக்கு 11 வருவது சாதாரணம்.

தொடக்கத்துக்குக் காலை 6.15 முதல் 7.15-க்குள் ஏதாவது ஓர் அரை மணி நேரம் போதும்.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்பது, "இளவெயிலில் நின்றால் வைட்டமின் டி கிடைக்குமே?" என்பது. பெரிதாகக் கிடைக்காது. தோல் அந்த வைட்டமினைத் தயாரிக்க, புற ஊதாக் கதிரில் ஒரு வகையான யூவி-பி வேண்டும். காலை ஆறரை மணி வெயிலில் அது மிகக் குறைவு. ஜன்னல் கண்ணாடியும் அதைத் தடுத்துவிடும். கருமை கூடிய தோலுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம் தேவைப்படும். நான் வாரத்தில் இரண்டு மூன்று நாள், பத்தரை மணி வாக்கில், முகத்தைத் தொப்பியால் மறைத்துக்கொண்டு முன்கையிலும் கெண்டைக்காலிலும் மட்டும் கால் மணி நேரம் வெயில் படும்படி துணி காயப்போடுகிறேன். ரத்தப் பரிசோதனையில் குறைவு என்று வந்தால் வெயிலை நம்பி இருக்காமல் மருத்துவர் தரும் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். காலை நடைக்கான காரணங்கள் வேறு, அவை கீழே வருகின்றன.

படி 2: இடம் தேடுங்கள்

பெரிய காடு தேவையில்லை. நாலு மரமும் கொஞ்சம் மண்ணும் போதும். ஆனால் மெயின் ரோட்டோரம் வேண்டாம். வண்டிப் புகையில் இருக்கும் நுண்துகள்கள் தோலில் படிந்து கருந்திட்டுகளைக் கூட்டும், எக்ஸிமா என்னும் தோல் அழற்சி இருப்பவர்களுக்கு அரிப்பைக் கிளப்பும். கண்மாய்க் கரை, கோயில் நந்தவனம், பள்ளி மைதானம் எதுவானாலும் சரி. நான் பெரும்பாலும் வண்டியூர் கண்மாய்ப் பக்கம் போவேன். புங்கையோ வேம்போ இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதன் அடியில் நின்ற இரண்டாவது நிமிஷமே பிடரி வேர்வை ஆறுவது தெரியும்.

படி 3: அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்வது?

முதல் பத்து நிமிஷம் மெதுவாக நடங்கள். போன் பையிலேயே இருக்கட்டும். 2019-ல் வெளியான மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், மரம் செடிகளுக்கு நடுவே இருபது முதல் முப்பது நிமிஷம் கழித்தபோதுதான் மன அழுத்தத்தின் ஹார்மோனான கார்டிசால் வேகமாக இறங்கியது. பங்கெடுத்தவர்கள் அந்த நேரத்தில் போனும் பேச்சும் இல்லாமல் இருந்தார்கள்.

இதற்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். மன அழுத்தம் கூடும்போது தோலின் மேலடுக்கில் விழும் நுண்ணிய விரிசல்கள் ஆறத் தாமதமாகும், ஈரம் கசிந்து வெளியேறும். பரீட்சை நேரத்தில் பரு கிளம்புவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம். தோல் செதில் செதிலாக உரியும் சோரியாசிஸும் எக்ஸிமாவும் அப்படித்தான் திடீரென்று தலைதூக்கும்.

அப்புறம், கண்ணில் படும் காலை வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தைத் திருத்தி வைக்கிறது. அன்றிரவு தூக்கம் சீக்கிரம் வரும். தோல் தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளும் வேலையில் நிறைய இரவில்தான் நடக்கிறது. என் விஷயத்தில் முதலில் மாறியது தோல் இல்லை, தூக்கம்தான். பத்தாவது நாளே பதினோரு மணிக்குக் கண் சொருக ஆரம்பித்துவிட்டது.

மீதி நேரத்தில் மண்ணைத் தொடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நம் தோல்மேல் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றில் வகை கூடக் கூட, எதை எதிர்ப்பது எதை விட்டுவிடுவது என்று நோய் எதிர்ப்பு மண்டலம் நன்றாகப் பழகுகிறது. பின்லாந்தில் சில குழந்தைகள் காப்பகங்களின் சரளைக்கல் முற்றத்தில் காட்டுத் தரையைப் பெயர்த்துக் கொண்டுவந்து பதித்தார்கள். செடித்தொட்டிகளும் வைத்தார்கள். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். 28 நாளில் அவர்கள் தோலில் நுண்ணுயிர் வகைகள் கூடின, ரத்தத்திலும் எதிர்ப்பு மண்டலம் சமநிலைக்கு வருவதன் அடையாளங்கள் தெரிந்தன. 2020-ல் வெளியான ஆய்வு இது. அதே நாட்டில் 2012-ல் வந்த இன்னொரு ஆய்வில், வீட்டைச் சுற்றிக் காடும் வயலும் கூடுதலாக இருந்த இளவயதினருக்கு ஒவ்வாமை நாட்டம் குறைவாக இருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. உதிர்ந்த இலைகளை அள்ளுங்கள், மரப்பட்டையைத் தொடுங்கள், வீட்டில் தொட்டி இருந்தால் கையால் மண்ணைக் கிளறுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் வேண்டாம். காலில் செருப்பு இருக்கட்டும். நாயும் பூனையும் மலம் கழிக்கும் மணலில் வெறுங்காலோடு நடந்தால், கொக்கிப்புழுவின் குட்டி தோலுக்குள் நுழைந்து, வளைந்து வளைந்து போகும் தடமாக அரிக்கும்.

படி 4: எதைத் தொடக்கூடாது?

பார்த்தீனியம். கேரட் இலை மாதிரி இலை, நுனியில் குட்டி வெள்ளைப் பூ. சாலையோரத்தில் எங்கே பார்த்தாலும் இருக்கும். தொட்டாலும் அரிக்கும், காற்றில் பறக்கும் அதன் தூளே கழுத்திலும் கண்ணிமையிலும் தடிப்பை உண்டாக்கும். அது மண்டிக் கிடக்கும் இடத்தில் நடக்காதீர்கள்.

அடுத்தது கம்பளிப்பூச்சி. முருங்கை மரத்தடியில் ஒருநாள் அது என் மணிக்கட்டில் விழுந்தது. அவசரத்தில் தேய்த்துவிட்டேன், ரோமமெல்லாம் தோலுக்குள் ஏறிக்கொண்டது. இரண்டு நாள் வீங்கிக் கிடந்தது. நீங்கள் தேய்க்காதீர்கள். பூச்சியைக் குச்சியால் தள்ளிவிட்டு, செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தால் ரோமம் அதோடு வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

படி 5: என்ன உடுத்துவது, என்ன பூசுவது?

தளர்வான பருத்திச் சட்டை. இறுக்கமான பாலியஸ்டர் போட்டால் வேர்வை அடைபட்டு வேர்க்குருதான் மிஞ்சும். நிழல் நீளமாக இருக்கும் நேரத்தில் அகலமான தொப்பி போதும். எல்லை தாண்டி வெளியே நிற்க வேண்டியிருந்தால் எஸ்.பி.எஃப். 30, பி.ஏ. மூன்று ப்ளஸ் (PA+++) என்று ட்யூபில் போட்டிருக்கும் சன்ஸ்கிரீன் பூசுங்கள்; புற ஊதாக் கதிரை எவ்வளவு தடுக்கும் என்பதற்கான அளவுகள் இவை. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை பிதுக்கி எடுத்த அளவு வேண்டும். பொட்டு வைப்பது மாதிரி வைத்தால் பலன் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வேர்த்தால் அதற்கு முன்பே, மறுபடி பூச வேண்டும். கன்னத்தில் மங்கு இருப்பவர்களுக்குச் சாதாரண வெளிச்சமே திட்டைக் கருப்பாக்கும். அவர்கள் அயர்ன் ஆக்ஸைடு கலந்த, லேசாக நிறம் உள்ள சன்ஸ்கிரீனைக் கேட்டு வாங்குங்கள்.

எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக்கொண்டு வெளியே போகவே போகாதீர்கள். பளபளப்பு வரும் என்று பலர் செய்கிறார்கள். அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் வரலாம். வடுவாகக் கருந்திட்டு மாதக்கணக்கில் நிற்கும். அதேபோல, பருவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை சாப்பிடுகிறவர்களின் தோல் வெயிலைத் தாங்காது. வெளியே போகும் நேரத்தை மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

படி 6: வீடு திரும்பியதும்

வேர்வைத் துணியோடு உட்கார்ந்து பேப்பர் படிக்காதீர்கள். ஈரம் தங்கும் இடத்தில் படர்தாமரை வரும். வந்துவிட்டால் மெடிக்கலில் சொல்லி வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீமைப் பூச வேண்டாம், அது படையை இன்னும் பிடிவாதமாக்கிவிடும்.

ஐந்து நிமிஷக் குளியல் போதும். சோப்பு அக்குளுக்கும் தொடையிடுக்குக்கும் பாதத்துக்கும் மட்டும். வீட்டில் உப்புத்தண்ணீர் என்றால் தோல் இன்னும் வறளும், அதனால் அடுத்ததைத் தவறவிடாதீர்கள். துண்டால் ஒற்றியெடுத்து, உடம்பில் ஈரப்பதம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசரோ தேங்காய் எண்ணெயோ தடவிவிடுங்கள். பரு வரும் முகத்துக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது துளைகளை அடைக்கும்.

படி 7: நான்கு வாரம் விடாமல்

முதல் வாரம் மூன்று நாள் போங்கள். அடுத்த வாரத்திலிருந்து ஐந்து நாள். தோலின் மேலடுக்கு அடியிலிருந்து புதிதாகி மேலே வர ஏறக்குறைய 28 நாள் பிடிக்கும், வயதானால் இன்னும் கூடும். அதனால் பத்து நாளில் கண்ணாடியைப் பார்த்துச் சலித்துக்கொள்ளாதீர்கள். மருத்துவர் தந்த களிம்பையும் நிறுத்தாதீர்கள். ஆறாத புண், ரத்தம் கசியும் மச்சம், பரவிக்கொண்டே போகும் தடிப்பு எதுவானாலும் நடையால் சரியாகாது, உடனே காட்டுங்கள்.

இருபத்தெட்டாம் நாள் குளிப்பதற்கு முன்னால் அதே காலில், அதே இடத்தில், நகத்தால் மறுபடி ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். எனக்கு அன்று விழுந்த கோடு, தொட்டுப் பார்ப்பதற்குள் மறைந்துவிட்டது.