மாநிலம் மாறிய குடும்பங்களுக்கு: கல்லூரியில் இன்-ஸ்டேட் கட்டணம் பெறுவது எப்படி?

அமெரிக்காவில் அரசுப் பல்கலைக்கழகங்கள் அந்தந்த மாநிலத்தில் வசிப்பவர்களிடம் குறைந்த கட்டணம் வாங்கும்; அதுதான் இன்-ஸ்டேட் கட்டணம். 2022 ஜூலையில் நியூஜெர்சியிலிருந்து டெக்சஸுக்குக் குடிவந்தோம். பெரியவள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. வீடு பார்த்தோம், பள்ளியில் சேர்த்தோம், மின் இணைப்பு வாங்கினோம். என் ஓட்டுநர் உரிமத்தை மட்டும் மாற்றவில்லை. நியூஜெர்சி உரிமம் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும், எதற்கு அரை நாள் வரிசையில் நிற்பது என்ற நினைப்பு. ஜனவரியில்தான் போய் மாற்றினேன்.

ஏப்ரலில் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மகளை வெளிமாநில மாணவியாக வகைப்படுத்தியிருக்கிறார்களாம், ஆட்சேபம் இருந்தால் ஆவணங்களை அனுப்பலாமாம். உரிமத்தில் இருந்த ஜனவரி தேதியைப் பார்த்து, அன்றுதான் நாங்கள் மாநிலத்துக்குள் கால் வைத்தோம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆறு வாரம் காகிதம் சேர்த்து அனுப்பிய பிறகுதான் சரியானது. அந்த ஆறு வாரம் உங்களுக்கும் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பணக் கணக்கைப் பார்த்தால் ஏன் இந்தப் பாடு என்பது விளங்கும். ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் மாநில மாணவருக்குக் கல்விக் கட்டணம், பாடப்பிரிவைப் பொறுத்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 11,000 முதல் 14,000 டாலர். வெளிமாநில மாணவருக்கு அது 40,000 டாலரைத் தாண்டுகிறது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழக (யூசி) வளாகங்கள் வெளிமாநிலத்தவரிடம் வழக்கமான கட்டணத்தின் மேல் ஆண்டுக்கு 34,000 டாலருக்கும் அதிகமாகக் கூடுதல் கட்டணம் வாங்குகின்றன. நான்கு ஆண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள். ஸ்டான்ஃபோர்டு, ரைஸ், டியூக் போன்ற தனியார் பல்கலைக்கழகங்களில் இந்த வேறுபாடே கிடையாது. அங்கு மட்டும் விண்ணப்பிக்கிறவர்கள் இதைப் படிக்கத் தேவையில்லை.

படி 1: யாருடைய இருப்பிடம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊரில் தாசில்தார் அலுவலகம் இருப்பிடச் சான்று தரும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் ஒரு தாள் கைக்கு வரும், அதைக் காட்டினால் வேலை முடிந்தது. அமெரிக்காவில் அப்படி ஒரே தாள் கிடையாது. பல காகிதங்களைச் சேர்த்து, 'நாங்கள் இங்கேதான் வாழ்கிறோம், இங்கேதான் வாழப்போகிறோம்' என்று நாமே நிறுவ வேண்டும். இதில் இரண்டு பாதி இருக்கிறது: உண்மையில் அங்கே வசிப்பது, அங்கேயே நிலைக்கும் எண்ணம் இருப்பது. பெரும்பாலான மாநிலங்கள் இரண்டையும் பன்னிரண்டு மாதங்களுக்குக் கேட்கின்றன.

பலரும் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. 'பையன் போய் அங்கே ஓர் ஆண்டு படிக்கட்டும், இரண்டாம் ஆண்டிலிருந்து அவன் அந்த மாநிலத்தவன் ஆகிவிடுவான்.' ஆகமாட்டான். பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவருக்குப் பெற்றோரின் இருப்பிடமே கணக்கு. டெக்சஸில், பெற்றோர் தங்கள் வருமான வரிக் கணக்கில் சார்ந்தவராகக் காட்டக்கூடிய பிள்ளை பெற்றோரின் மாநிலத்தையே பின்பற்றும். கலிஃபோர்னியாவின் யூசி வளாகங்களில் 24 வயதுக்குட்பட்ட இளநிலை மாணவரின் பெற்றோர் அந்த மாநிலத்தவராக இல்லையென்றால், தன் காலில் நிற்பதாக அவரே நிரூபிக்க வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது நடக்கிற காரியம் அல்ல. படிப்பதற்காக வந்து தங்கியிருக்கும் காலத்தையும் பொதுவாக நிலைக்கும் எண்ணமாக எடுத்துக்கொள்வதில்லை.

படி 2: விசா

ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்களுக்கு உரிமை இல்லை என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்; அதை நம்பி முயலாமலே விட்டவர்களை எனக்குத் தெரியும். டெக்சஸ், கலிஃபோர்னியா, வட கரோலைனா உட்படப் பல மாநிலங்களில் ஹெச்-1பி பெற்றோரும் அவர்களைச் சார்ந்து ஹெச்-4 என்ற குடும்ப விசாவில் இருக்கும் பிள்ளைகளும் இருப்பிடம் நிறுவலாம். கிரீன் கார்டு உள்ளவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எஃப்-1 (மாணவர்), ஜே-1 (பரிமாற்றத் திட்டம்), சுற்றுலா விசா ஆகியவற்றில் பொதுவாக முடியாது. 'வந்த வேலை முடிந்ததும் திரும்பிப் போவேன்' என்று சொல்லி வாங்கிய விசாக்கள் அவை.

இந்த வாதம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வாஷிங்டன் வட்டாரத்தில் பன்னாட்டு அமைப்புகளில் வேலை பார்ப்பவர்களுக்கு ஜி-4 என்ற விசா உண்டு. அவர்களுடைய பிள்ளைகளுக்கு மேரிலாண்ட் பல்கலைக்கழகம் மாநிலக் கட்டணத்தை மறுத்தது. வழக்கு 1978இலும் மறுபடி 1982இலும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்து, கடைசியில் அந்த மறுப்பு செல்லாது என்று தீர்ப்பானது.

ஹெச்-4 பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. 21 வயதில் ஹெச்-4 முடிந்து, படிப்பின் நடுவே எஃப்-1க்கு மாற வேண்டியிருக்கும். அப்போது மாநிலக் கட்டணம் தொடருமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சேர்வதற்கு முன்பே பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

படி 3: நாட்காட்டியைப் பின்னோக்கி எண்ணுங்கள்

பன்னிரண்டு மாதம் என்றால் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை? விண்ணப்பிக்கும் நாள் வரை என்றுதான் எல்லோரும் எண்ணுகிறார்கள். டெக்சஸில் அது 'சென்சஸ் டேட்' எனப்படும் நாள்; வழக்கமான பருவத்தில் வகுப்பு தொடங்கிய பன்னிரண்டாவது வகுப்பு நாள். ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு தொடங்கினால், செப்டம்பர் இரண்டாம் வாரத்தை ஒட்டி வரும். ஆக, பிள்ளை 2027 இலையுதிர்காலத்தில் சேர்வதாக இருந்தால், 2026 செப்டம்பர் முதல் வாரத்துக்குள் குடும்பம் டெக்சஸில் வேரூன்றியிருக்க வேண்டும். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகங்கள் தாங்களே ஒரு தீர்மான நாளை வைத்துக்கொண்டு, அதற்கு முன் 366 நாள் கேட்கின்றன.

உங்கள் மாநிலத்தின் அந்த நாளைக் கண்டுபிடித்து, சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். கோடையில் மாறுவதா, பள்ளி அரையாண்டு முடிந்து டிசம்பரில் மாறுவதா என்ற விவாதம் வீட்டில் நடந்தால், பதில் அந்த வட்டத்திலேயே இருக்கும்.

படி 4: முதல் மாதத்து வேலைகள்

நான் சறுக்கிய இடம் இது. அதனால் இங்கே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வீட்டு லீஸில் (வாடகை ஒப்பந்தத்தில்) கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்கட்டும். மின்சாரம், தண்ணீர், இணையம் மூன்றில் ஒன்றாவது முதல் நாளிலிருந்தே உங்கள் பெயரில் வரட்டும். டெக்சஸ் உரிமம் வாங்கப் போகும்போது, அங்கே குடியிருப்பதற்கு இரண்டு முகவரிச் சான்றுகள் கேட்பார்கள்.

புதிதாக வந்தவர் உரிமத்தை மாற்ற டெக்சஸ் 90 நாள் தருகிறது, கலிஃபோர்னியா 10 நாள்தான். காரைப் பதிவு செய்ய டெக்சஸில் 30 நாள், கலிஃபோர்னியாவில் 20 நாள். பழைய உரிமத்தை வாங்கி வைத்துக்கொள்வார்கள், வருத்தப்படாதீர்கள். பழைய மாநிலத்தின் உரிமம் பையில் இருக்கும்வரை உங்கள் ஒரு கால் அங்கேயே நிற்கிறது என்றுதான் அதிகாரிகள் படிக்கிறார்கள். வீடு வாங்குகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: டெக்சஸில் சொந்த வீட்டுக்கான சொத்துவரிச் சலுகைக்கு விண்ணப்பிக்க, உரிமத்திலுள்ள முகவரியும் வீட்டு முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

உரிமப் படிவத்தை நிரப்பும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். பெயர், உயரம், கண் நிறம், உறுப்பு தானம் என்று வரிசையாக வரும் கட்டங்களுக்கு நடுவே, வாக்காளராகப் பதிய விருப்பமா என்று ஒரு கட்டம் இருக்கும். 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிம அலுவலகங்கள் கேட்டாக வேண்டிய கேள்வி அது. இருப்பிடச் சான்றுப் பட்டியல்கள் பலவற்றில் வாக்காளர் அட்டையும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, 'இதுவும் ஒரு சான்றுதானே' என்று ஆமாம் போட்டுவிடாதீர்கள். குடிமகன் அல்லாதவர், கிரீன் கார்டு வைத்திருந்தாலும், வாக்காளராகப் பதியக் கூடாது. குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாக ஆகிவிட்டால் நாடு கடத்தப்படும் அளவுக்குப் போகும். என் முறை வந்தபோது அந்தக் கட்டத்தின் மேல் பேனா நின்ற இடத்தில் ஒரு புள்ளி விழுந்துவிட்டது. அதைக் காட்டி வேறு படிவம் கேட்டு வாங்கி, முதலிலிருந்து எழுதினேன். வரிசையில் பின்னால் இருந்தவர் பெருமூச்சு விட்டார், விட்டுவிட்டுப் போகட்டும்.

விசாவில் இருப்பவர்களுக்கு மேலும் இரண்டு. முகவரி மாறிய 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு ஏஆர்-11 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். இணையத்தில் ஐந்து நிமிட வேலை, கட்டணம் இல்லை. ஹெச்-1பி ஊழியர் வேறு நகர வட்டாரத்துக்கு மாறினால், மாறுவதற்கு முன்பே நிறுவனம் திருத்திய மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மனுவின் தேதியும் புதிய பணியிட முகவரியும் பின்னர் உங்களுக்குச் சான்றாகவும் உதவும்.

படி 5: ஒரு கோப்பு

லீஸ், மின்கட்டண ரசீதுகள், பள்ளிச் சேர்க்கைத் தாள், கார் காப்பீடு, சரக்கு லாரிக்காரரின் ரசீது, எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள். எங்களைக் காப்பாற்றியவற்றில் லாரி ரசீதும் ஒன்று. பழைய முகவரி, புதிய முகவரி, தேதி மூன்றும் ஒரே தாளில் இருந்தன.

எல்லாத் தாளுக்கும் ஒரே எடை இல்லை. டெக்சஸில் லீஸ் துணை ஆவணம்தான். கனமானது, பன்னிரண்டு மாதம் தொடர்ந்து மாநிலத்தில் வேலை பார்த்ததற்கு நிறுவனம் தரும் கடிதம், அல்லது குடியிருக்கும் வீட்டின் உரிமைப் பத்திரம். கடிதத்தில் 'எங்கள் ஊழியர்' என்று பொதுவாக எழுதினால் பயன் இல்லை. சேர்ந்த தேதியும் இப்போதும் பணியில் இருப்பதும் பணியிட முகவரியும் இருக்க வேண்டும். மனிதவளத் துறையிடம் இதைச் சொல்லியே கேளுங்கள். எனக்கு முதலில் வந்த கடிதத்தில் அமெரிக்காவில் சேர்ந்த தேதிதான் இருந்தது, டெக்சஸ் என்ற சொல்லே இல்லை.

வரி: மாறிய ஆண்டில் பழைய மாநிலத்துக்குப் பகுதியாண்டு வசித்தவராகவே கணக்குத் தாக்கல் செய்யுங்கள். அவசரத்தில் முழு ஆண்டு என்று போட்டுவிட்டால், நீங்களே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னதாகிவிடும். டெக்சஸிலும் ஃபுளோரிடாவிலும் மாநில வருமான வரி இல்லாததால் புதிய பக்கத்தில் வரிச் சான்று கிடைக்காது. நிறுவனக் கடிதத்துக்கு அதனால்தான் இத்தனை மதிப்பு.

உறவினர் முகவரியை இரவல் வாங்கும் யோசனை யாருக்காவது வந்தால், அங்கேயே விட்டுவிடுங்கள். சித்தப்பா வீட்டு முகவரியில் வாழ்வதாகக் காட்டிவிட்டு, நீங்கள் வேறு மாநிலத்தில் சம்பளம் வாங்கினால் வரித்தாளே காட்டிக்கொடுக்கும். பழைய கட்டண வித்தியாசத்தை மொத்தமாகக் கேட்பார்கள், பிள்ளை மீது ஒழுங்கு நடவடிக்கையும் வரலாம்.

படி 6: படிவம்

வட கரோலைனாவில் எல்லா அரசுக் கல்லூரிகளுக்கும் சேர்த்து மாநிலமே ஒரு தனிச் சேவை நடத்துகிறது. அதில் ஒருமுறை விண்ணப்பித்து எண் வாங்கினால் எல்லா இடத்திலும் செல்லும். கலிஃபோர்னியாவின் யூசி வளாகங்களில் சேர்க்கையை ஏற்றபின் ஒரு நீண்ட அறிக்கை நிரப்ப வேண்டும். டெக்சஸில் விண்ணப்பத்தோடு சேர்ந்தே இருப்பிடக் கேள்விகள் வரும்.

அந்தக் கேள்விகளைப் பிள்ளைகள் இரவு பதினொரு மணிக்கு, கட்டுரை எழுதிக் களைத்த பிறகு, தாங்களே நிரப்பிவிடுகிறார்கள். பெற்றோர் பக்கத்தில் உட்காருங்கள். 'மாநிலத்துக்கு ஏன் வந்தீர்கள்' என்ற இடத்தில் வீடு அமைத்து வாழ, பணி நிமித்தம், கல்லூரியில் படிக்க என்ற வகையில் தேர்வுகள் இருக்கும். 'அப்பாவுக்கு இங்கே வேலை மாறியது' என்று நினைத்துப் பிள்ளை பணி நிமித்தம் என்பதைத் தொடும். நிறுவனம் சில மாதத்துக்கு அனுப்பிவைத்த தற்காலிகப் பணி என்றே அதைப் படிப்பார்கள். உண்மையிலேயே குடியேறியவர்களுக்குப் பொருந்துவது முதல் விடை. உண்மையிலேயே தற்காலிகமாக வந்தவர்கள் அப்படியே சொல்லிவிட வேண்டும்.

படி 7: மறுத்தால்

முதலில் வரும் வகைப்பாடு பெரும்பாலும் விண்ணப்பத்தில் தட்டியதை வைத்து வருவது. மறுபரிசீலனை கேட்கலாம், டெக்சஸில் சென்சஸ் நாளுக்குள் ஆவணங்களைக் கொடுத்துவிட வேண்டும். தொலைபேசியில் சண்டை போடாதீர்கள். ஒரே பக்கத்தில் தேதி வாரியாக நடந்ததை எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே எந்தத் தாள் அதை நிரூபிக்கிறது என்று குறித்து அனுப்புங்கள். நாங்கள் அனுப்பியது பதினொரு வரி. முதல் வரி லாரி ரசீது, கடைசி வரி ஓட்டுநர் உரிமம்.

பன்னிரண்டு மாதம் எப்படியும் எட்டாது என்று தெரிந்தவர்கள் மனம் தளர வேண்டாம். மேற்கு மாநிலங்களுக்கிடையே ஒரு பரிமாற்றத் திட்டம் இருக்கிறது; பங்கேற்கும் கல்லூரிகளில் அண்டை மாநில மாணவர் உள்ளூர்க் கட்டணத்தின் ஒன்றரை மடங்குக்கு மேல் கட்ட வேண்டியதில்லை. மத்திய மேற்கிலும், தெற்கிலும், நியூ இங்கிலாந்திலும் இதுபோன்றவை உண்டு. மினசோட்டாவும் விஸ்கான்சினும் தங்களுக்குள் தனி ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. ஆனால் இவை பல இடங்களில் குறிப்பிட்ட கல்லூரிக்கும் பாடத்துக்கும் மட்டும் பொருந்தும். கணினி அறிவியல் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு நம்பிக்கை வையுங்கள்.

இளையவன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. போன வாரம் வேறு மாநிலத்திலிருந்து எனக்கு ஒரு வேலை அழைப்பு வந்தது. சம்பளத்தை விசாரிப்பதற்கு முன்பு, அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் இருப்பிட விதிப் பக்கத்தைத்தான் திறந்து பார்த்தேன்.