மிச்ச கேக்கை ஃப்ரிட்ஜில் தள்ளும் முன்

மிச்சமான கேக்கைப் பலரும் அட்டைப்பெட்டியோடு அப்படியே ஃப்ரிட்ஜில் தள்ளிவிடுகிறோம். இந்த ஒரே செயலில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. எல்லா கேக்குக்கும் ஃப்ரிட்ஜ் தேவையில்லை. தேவைப்படும் கேக்குக்கு அட்டைப்பெட்டி போதாது.

க்ரீம் எதுவும் பூசாத சாதா கேக்கை எடுத்துக்கொள்வோம். வேகும்போது மாவிலுள்ள ஸ்டார்ச் நீரை இழுத்துக்கொண்டு இளகுகிறது. ஆறிய பிறகு அது மெல்ல மெல்லத் திரும்ப இறுகத் தொடங்கும். உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும் ஃப்ரிட்ஜ் குளிரில்தான் இந்த இறுக்கம் வேகமாக நடக்கிறது. "காய்ந்துபோச்சு" என்று நாம் சொல்லும் கேக்கில் பல சமயம் ஈரம் அப்படியே இருக்கும். அதனால்தான் மைக்ரோவேவில் சில நொடிகள் சூடாக்கினால் பஞ்சு போல் ஆகிறது. ஆறினால் மறுபடி இறுகும் என்பதால் சூட்டோடு சாப்பிட்டுவிட வேண்டும். இந்த வகை கேக்குக்குக் காற்றுப் புகாத டப்பா போதும், இரண்டு மூன்று நாள் வெளியிலேயே தாங்கும். புழுக்கமான நாட்களில் அவ்வளவு நம்ப வேண்டாம்.

ஃப்ரெஷ் க்ரீம், கஸ்டர்ட், க்ரீம் சீஸ், நறுக்கிய பழம் இருந்தால் கதையே வேறு. வெளியே இரண்டு மணி நேரம்தான் கணக்கு. வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம். கேக் வெட்டும் நேரம் தள்ளிப்போய், பாட்டு, போட்டோ எல்லாம் முடியும்வரை கேக் மேசையிலேயே இருக்குமே, அந்த நேரமும் இதில் சேரும். முகர்ந்து பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்பது சோதனையே அல்ல. வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் வாசனையையோ ருசியையோ மாற்ற வேண்டும் என்று கட்டாயமில்லை. ஃப்ரிட்ஜில் வைத்த க்ரீம் கேக்கையும் மூன்று நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள். மூடிய டப்பாவில் வையுங்கள். க்ரீமிலுள்ள கொழுப்பு பக்கத்திலிருக்கும் வெங்காய வாசனையைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும்.

வீட்டில் சுடுபவர்கள் அடிக்கடி செய்வது, சூடு ஆறும் முன்பே மூடிவைப்பது. சற்று நேரம் கழித்து டப்பாவைத் திறந்தால் மூடியின் உட்புறம் முத்து முத்தாக நீர். அது சொட்டி கேக்கின் மேல்தோல் பிசுபிசுத்து, விரல் வைத்தால் ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். பூஞ்சைக்கு இதைவிட வசதி வேண்டாம். அடிப்பக்கம் தொட்டுப் பார்த்துச் சூடே இல்லை என்றால் மூடுங்கள். பூஞ்சை வந்துவிட்டால் அந்த இடத்தை மட்டும் சுரண்டிவிட்டு மீதியைத் தின்னக் கூடாது. கேக் மிருதுவானது, பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போயிருக்கும்.

வெட்டிய முகத்தைத் திறந்து வைப்பதும் தவறு. 1906-இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 'நேச்சர்' அறிவியல் இதழுக்கு இதற்கென்றே ஒரு கடிதம் எழுதினார்: ஓரத்திலிருந்து முக்கோணமாக வெட்டாமல் நடுவில் ஒரு பட்டையாக எடுங்கள், மிச்ச இரண்டு பாதிகளையும் ஒட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள். க்ரீம் கேக்குக்கு ரப்பர் பேண்ட் சரிப்படாது. வெட்டிய பக்கத்தில் க்ளிங் ஃபிலிமை (ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) ஒட்டிவிட்டால் போதும்.

ஒரு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டுமா? ஃப்ரீசர்தான். துண்டு துண்டாகச் சுற்றி மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் ருசி குறையாது. வெளியே எடுத்ததும் உறையைப் பிரித்துவிடாதீர்கள். குளிர் விடும்போது படியும் நீர் உறையின் மேல் படியட்டும், கேக்கின் மேல் வேண்டாம். க்ரீம் வைத்த கேக் என்றால் அந்தக் குளிர் விடுவதும் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே நடக்க வேண்டும்.