சுகர் ரிப்போர்ட்: எண்ணைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள்

லண்டனில் அக்கா வீட்டுக்குப் போயிருந்த அம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. 7.8 என்று இருந்தது. மூன்று மாதச் சராசரி என்று நினைத்து, "போன தடவையும் இதேதானேம்மா" என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த அலகு கண்ணில் பட்டது. அது வெறும் வயிற்றுச் சர்க்கரை. நம் ஊர்க் கணக்கில் 140!

முதலில் எது எந்தப் பரிசோதனை என்று பாருங்கள். வெறும் வயிறு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து என்ற இரண்டும் அந்த நேரத்துச் சர்க்கரை. ஹெச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்ட சர்க்கரை. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும், அதனால் கடந்த இரண்டு மூன்று மாத நிலவரம் அதில் தெரியும். ரத்தசோகை இருந்தால் இந்த எண் ஏமாற்றலாம், மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்து அலகு. நான் தடுக்கி விழுந்த இடம் இது. இந்தியாவில் ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லி ரத்தத்துக்கு, எத்தனை மில்லிகிராம் என்று எழுதுகிறார்கள். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியாவில் ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்று. மில்லிகிராம் எடை, மோல் மூலக்கூறுகளின் எண்ணிக்கை. முட்டையைக் கிலோவில் நிறுப்பதற்கும் டஜனில் எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். ஒரு மோல் குளுக்கோஸ் 180 கிராம். அப்படியென்றால் ஒரு மில்லிமோல் 180 மில்லிகிராம். லிட்டருக்கு 180 என்றால் டெசிலிட்டருக்கு 18. ஆகவே 18-ஆல் பெருக்குங்கள்: 7.8 × 18 = 140.

அப்புறம் ஒப்பிடலாம். வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இயல்பு, 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முன்நிலை, 126-லிருந்து நீரிழிவு. ஹெச்பிஏ1சியில் 5.7, 6.5 சதவீதம் ஆகியவை அந்த எல்லைகள். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

இதற்குத் தனிச் செயலி தேவையில்லை, போனில் உள்ள கால்குலேட்டர் போதும். ஒரு பழைய டைரியில் தேதி, பரிசோதனை, எண், அலகு என நான்கு கட்டம் போட்டுக் கையால் எழுதுவதே எனக்குப் பிடித்த வழி. எழுதும்போது அலகு தப்பாது.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், சிறுநீரகத்துக்காகப் பார்க்கும் கிரியேட்டினினையும் 18-ஆல் பெருக்கிப் பயந்துபோய் எழுதியிருந்தார். 18 குளுக்கோஸுக்கு மட்டும். கிரியேட்டினின் பிரிட்டனில் மைக்ரோமோலில் வரும், அதை 88.4-ஆல் வகுக்க வேண்டும். 80 என்றால் நம் கணக்கில் 0.9. பிரிட்டன் ரிப்போர்ட்டில் ஹெச்பிஏ1சி 48 என்று இருந்தால் அது நம் 6.5 சதவீதம். அதற்கும் 18 செல்லாது.