அரங்கேற்றத்தைப் படமெடுக்க எந்தக் கேமரா? வாங்கும் முன் போட வேண்டிய கணக்குகள்

பரதநாட்டிய அரங்கேற்றத்தைத் தாங்களே பதிவு செய்ய விரும்பும் பெற்றோர் பெரும்பாலும் மெகாபிக்சல் எண்ணிலிருந்து தேடலைத் தொடங்குகிறார்கள். 4கே காணொளியின் ஒரு சட்டகத்தில் (ஃப்ரேம்) இருப்பதே ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள்தான், அதாவது 8.3 மெகாபிக்சல். ஃபுல் எச்டியில் 20 லட்சத்தைச் சற்றே தாண்டும். ஆகவே 20 மெகாபிக்சலா 24 மெகாபிக்சலா என்ற கேள்வி இந்த வேலைக்குப் பொருட்டே அல்ல. என் மகளின் அரங்கேற்றத்துக்காகத் தேடியபோது எனக்குப் பயன்பட்ட வரிசை இது: அரங்கம் முதலில், நிகழ்ச்சியின் நீளம் அடுத்து, கேமரா கடைசியில். டிரைபாட் கட்டாயம் என்பதைத் தனியே விளக்கப் போவதில்லை. ஆனால் மெதுவாகத் திரும்பும் ஃப்ளூயிட் ஹெட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். புகைப்படத்துக்கான பால் ஹெட் இதற்கு உதவாது.

படி 1: தூரத்தை அளந்துகொள்ளுங்கள்

மண்டபத்துக்கு நேரில் சென்று, டிரைபாட் வைக்க அனுமதிக்கும் இடத்திலிருந்து மேடையின் நடுப்பகுதி வரை எத்தனை அடி என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மேடையின் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முன்வரிசை விருந்தினருக்கு என்பதால், பெரும்பாலும் நடு இடைகழியோ கடைசி வரிசைக்குப் பின்னால் உள்ள இடமோதான் நமக்குக் கிடைக்கும்.

படி 2: லென்ஸ் எவ்வளவு எட்ட வேண்டும்?

புதிதாக வாங்குபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். எனக்கும் தெளிவு பிறக்க நெடுநாள் ஆனது. கடையில் '20 மடங்கு ஜூம்', '3 மடங்கு ஜூம்' என்றுதான் சொல்வார்கள். அந்த மடங்கு, லென்ஸின் தொடக்க எண்ணுக்கும் முடிவு எண்ணுக்கும் உள்ள விகிதம் மட்டுமே. மேடையிலுள்ள முகம் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை அது தனியாகச் சொல்லாது. அதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு: சென்சாரின் அகலத்தைத் தூரத்தால் பெருக்கி, படத்துக்குள் எத்தனை அடி அகலம் தெரிய வேண்டுமோ அதனால் வகுத்தால், தேவையான குவியத்தூரம் (லென்ஸின்மேல் அச்சிட்டிருக்கும் மி.மீ. எண்) மில்லிமீட்டரில் கிடைக்கும்.

லென்ஸை மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமராக்களில் பரவலாக உள்ள ஏபிஎஸ்-சி என்ற அளவுச் சென்சாரின் அகலத்தைத் தோராயமாக 24 மி.மீ. என்று கொள்வோம். நீங்கள் 50 அடி தூரத்தில் இருக்கிறீர்கள். 30 அடி மேடை முழுவதும் தெரிய 40 மி.மீ. போதும். நடனமாடும் பெண் தலைக்குமேல் கை உயர்த்தினாலும் வெட்டுப்படாமல் முழு உருவமாகத் தெரிய, சட்டகத்தில் சுமார் 14 அடி அகலம் வேண்டும். அதற்கு ஏறக்குறைய 86 மி.மீ. பதம், வர்ணம் ஆகிய உருப்படிகளில் கண்ணும் புருவமும் பேசும் அபிநயத்தை இடுப்புக்கு மேலாகக் காட்ட 5 அடி அகலம் என்றால் 240 மி.மீ. தேவைப்படும். கேமராவோடு வரும் 16-50 மி.மீ. கிட் லென்ஸால் மேடையைக் காட்ட முடியும். முகத்தைக் காட்ட முடியாது. சில மாடல்கள் 4கே பதிவின்போது சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும். அப்போது 24க்குப் பதிலாகக் குறைந்த எண்ணைப் போட வேண்டும்.

ஆகவே மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, சோனி இசட்வி-இ10 போன்ற மிரர்லெஸ் உடலுடன் 55-210 போன்ற டெலி ஜூம். இரண்டாவது, ஹேண்டிகேம் எனப்படும் கையடக்க வீடியோ கேமரா வகை. சோனி ஏஎக்ஸ்43 மாடலின் 20 மடங்கு ஆப்டிகல் ஜூம் முழு ஃப்ரேம் அளவீட்டில் (மேலே உள்ள கணக்கில் 24க்குப் பதில் 36 மி.மீ. சென்சார் என்று கொண்டால்) 500 மி.மீ.க்கும் மேல் எட்டும். மூன்றாவது, பானசோனிக் எஃப்இசட்1000 போல 1 இன்ச் சென்சாரும் கழற்ற முடியாத நீள ஜூமும் கொண்ட பிரிட்ஜ் கேமரா. விளக்கமைப்பு நன்றாக உள்ள சபாக்களுக்கு என் தேர்வு ஹேண்டிகேம்தான். ஒரே நெம்புகோலில் மேடையிலிருந்து முகம் வரை சீராக நகர்ந்து செல்லும் ஜூம் அதில் உண்டு. கையால் திருகும் லென்ஸில் அந்தச் சீர்மை எளிதில் வராது. டிஜிட்டல் ஜூம் படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே என்பதால், அந்த எண்ணைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

படி 3: வர்ணம் பாதியில் நின்றுவிடக் கூடாது

பல புகைப்படக் கேமராக்கள் 29 நிமிடம் 59 விநாடியில் பதிவைத் தாமாகவே நிறுத்திவிடும். 30 நிமிடமும் அதற்கு மேலும் தொடர்ந்து பதிவு செய்யும் கருவிகளை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கேமராவாக வகைப்படுத்திக் கூடுதல் சுங்க வரி விதித்ததால் வந்த கட்டுப்பாடு அது. வர்ணம் மட்டுமே அரை மணி நேரத்தைத் தாண்டுவது வழக்கம் என்பதால், நமக்கு இது நேரடியான சிக்கல். மேலே சொன்ன எஃப்இசட்1000 மாடலுக்கும் 4கே பதிவில் இந்த எல்லை உண்டு. இசட்வி-இ10 மாடலுக்கு அந்த எல்லை இல்லை. ஆனால் நெடுநேரம் ஓடினால் சூடாகி அணையக்கூடும் என்பதால், மெனுவில் தானாக அணையும் வெப்பநிலையை 'ஹை' என்று மாற்றிவையுங்கள். எந்த மாடலானாலும் தொடர் பதிவு நேரம் எவ்வளவு என்பதைக் கையேட்டில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

மெமரி கார்டுக்கும் கணக்கு உண்டு. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் அது 12.5 மெகாபைட், மணிக்கு 45 ஜிபி. இரண்டரை மணி நேர நிகழ்ச்சிக்கு 112 ஜிபிக்கு மேல் ஆவதால் 128 ஜிபி கார்டு மயிரிழையில்தான் தாங்கும். 256 ஜிபி வாங்குவது நல்லது. கார்டின்மேல் வி30 என்று அச்சிட்டிருந்தால் விநாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்று பொருள். இதற்கு அது தாராளம்.

நான் 4கே-யைவிட, விநாடிக்கு 50 சட்டகம் உள்ள ஃபுல் எச்டியையே விரும்புகிறேன். வேகமான தீர்மானத்தில் (ஜதிக்கோவையின் நிறைவான அடவுத் தொடர்) பாதம் தட்டுவதும், செம்பஞ்சுக் குழம்பு பூசிய விரல்நுனிகள் முத்திரைக்கு முத்திரை மாறுவதும் இந்த மாடல்களின் 4கே-யில் கிடைக்கும் 25 சட்டகத்தில் இழுபட்டுத் தெரியும். 50இல் தெளிவாக நிற்கும். கார்டிலும் இடம் மிச்சமாகும்.

படி 4: கருந்திரையும் வெளுத்த முகமும்

மேடையின் பின்திரை கறுப்பாக இருந்தால், ஆட்டோ அமைப்பில் உள்ள கேமரா காட்சி முழுவதும் இருட்டு என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். முகம் வெளுத்து, நெற்றிச்சுட்டியும் பட்டுச்சரிகையும் வெறும் வெள்ளைத் திட்டுகளாகிவிடும். எனவே எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) கையால் அமைக்கும் வசதியும், அளவு மீறிய இடங்களில் சாய்கோடு காட்டும் ஜீப்ரா வசதியும் உள்ள மாடலையே தேர்ந்தெடுங்கள். மேடை ஒத்திகையின்போது முகத்தைப் பார்த்து அளவைப் பூட்டிவிடலாம். வெள்ளைச் சமநிலையையும் (ஒயிட் பேலன்ஸ்) அப்போதே பூட்டுங்கள். இல்லையென்றால் சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம் கேமரா அதைத் 'திருத்த' முயலும்.

படி 5: ஒலி

மைக் துளை இல்லாத கேமராவை வாங்காதீர்கள். ஹெட்ஃபோன் துளையும் இருந்தால் பாதிக் கவலை தீரும்: இசட்வி-இ10இல் உண்டு, கேனான் ஆர்50இல் இல்லை. ஆட்டோ ஒலி அமைப்பில் மிருதங்கத்தின் ஒவ்வொரு பலத்த அடிக்கும் பாட்டின் ஒலி தாழ்ந்து எழும் என்பதால், ஒலி அளவைக் கையால் அமைக்க முடிகிறதா என்பதையும் பாருங்கள். சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்சரிலிருந்து வரும் லைன் ஒலி, கேமராவின் மைக் துளைக்கு மிகவும் பலமானது. நேரடியாகச் செருகினால் நட்டுவாங்கம் முழுவதும் கரகரக்கும். ஒலியைத் தணிக்கும் அட்டெனுவேட்டர் கேபிள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது தனி ரெக்கார்டரில் பதிந்து பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். நான் இரண்டாவதையே செய்கிறேன்.

பிற்சேர்க்கை: வெளிநாட்டிலிருந்து வந்த ஹேண்டிகேம்

அமெரிக்காவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த ஹேண்டிகேமில், மண்டப விளக்கின்கீழ் எடுத்த படம் துடிக்கிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே விற்கும் ஹேண்டிகேம்கள் 60, 30 சட்டகங்களுக்கு அமைந்தவை. மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றை மெனுவில் 50க்கு மாற்றலாம். இந்த ஹேண்டிகேம்களில் அப்படி மாற்ற வழியில்லாத மாடல்கள் உண்டு. ஷட்டர் வேகத்தைக் கையால் 1/100 விநாடி என்று வையுங்கள். ஒவ்வொரு சட்டகமும் விளக்கின் ஒரு முழுத் துடிப்பை உள்வாங்குவதால் படம் நிலைத்துவிடும். மேடையின் வண்ண எல்இடி விளக்குகள் வேறு வேகத்தில் துடிக்கக்கூடியவை என்பதால் அவற்றுக்கு இது எப்போதும் பலிக்காது. ஒத்திகையன்று ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே எரியவிட்டு, ஷட்டர் அளவைச் சிறிது சிறிதாக மாற்றிப் பாருங்கள். எந்த அளவிலும் அடங்காத விளக்கு இருந்தால், நிகழ்ச்சியில் அதை அணைத்துவைக்கும்படி ஒளியமைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.