பழைய கேமரா லென்ஸ் வாங்கி ஏமாந்துவிட்டீர்களா? முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

பார்சலைப் பிரித்து, லென்ஸின் பின்பக்கமிருந்து டார்ச் அடித்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள். பூஞ்சை. விற்றவர் எழுதியிருந்தது "உள்ளே படுசுத்தம்". அவர் போட்டிருந்த ஐந்து படங்களையும் மறுபடி பார்த்தேன், எல்லாம் முன்பக்கமிருந்து எடுத்தவை, ஒன்றில்கூட வெளிச்சம் லென்ஸுக்குள் புகுந்து வரவில்லை. அப்படியும் இரண்டு நாள் வாயே திறக்காமல் இருந்தேன். அவர் நாங்கள் லென்ஸ் வாங்கி விற்கும் இணையக் குழுவில் பல வருடமாக இருப்பவர், எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறவர், நாம்தான் தப்பாகப் பார்க்கிறோமோ என்ற தயக்கம். புதிதாக வருகிறவர்கள் பலருக்கும் இந்தத் தயக்கம் வருகிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. எதையும் கழற்றாமல் படம் எடுங்கள்

துடைக்க வேண்டாம், திறக்க வேண்டாம். ஒரு திருகைத் தொட்டாலும் "நீங்கள் கழற்றித்தான் கெட்டுப்போனது" என்று சொல்லிவிடுவார்கள். பெட்டியின் எல்லாப் பக்கங்களையும், உள்ளே சுற்றியிருந்ததையும், மேலே ஒட்டிய லேபிளையும் படமெடுங்கள். லேபிளில் எடை போட்டிருந்தால் அது தெளிவாகத் தெரியட்டும், பெட்டிக்குள் வேறு பொருள் இருந்தாலோ ஒன்றுமே இல்லாவிட்டாலோ அந்த எடைதான் உங்களுக்குச் சாட்சி.

அடுத்து ஒரு வீடியோ. லென்ஸ் வளையத்தில் இருக்கும் சீரியல் எண்ணிலிருந்து தொடங்கி, அபெர்ச்சரை (வெளிச்சம் உள்ளே போகும் துளையை) முழுசாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து பூஞ்சையைக் காட்டும் வரை நடுவில் நிறுத்தாமல் எடுங்கள். வெட்டி ஒட்டிய வீடியோவாக இருந்தால் "அது வேறு லென்ஸ்" என்று சொல்ல இடம் கிடைத்துவிடும். சீரியல் எண்ணை விளம்பரப் படத்தோடும் ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் பொருளையே மாற்றி அனுப்பியிருக்கிறார்.

2. விளம்பரத்தையும் உரையாடலையும் சேமியுங்கள்

விற்றவருக்கு ஒரு வார்த்தை எழுதுவதற்கு முன்னால் இது முடிந்திருக்க வேண்டும். புகார் வந்த நிமிடமே விளம்பரத்தை அழிப்பவர்கள் உண்டு, "சுத்தம்" என்பதை "பழைய பொருள், உள்ளபடி" என்று திருத்துபவர்களும் உண்டு. பயனர் பெயர், தேதி, முழு விவரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போனில் பேசியிருந்தால், "நேற்றுப் பேசும்போது பூஞ்சை இல்லை என்று சொன்னீர்கள்" என்று ஒரு செய்தி அனுப்பிவையுங்கள், பேசியது எழுத்தில் வந்துவிடும்.

3. பணம் எந்த வழியில் போனது?

பேபால் என்ற இணையப் பணச் சேவையில் 'கூட்ஸ் அண்ட் சர்வீசஸ்' (பொருள் வாங்குவதற்கான வழி) மூலம் அனுப்பியிருந்தால், பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் டிஸ்பியூட், அதாவது விற்றவர்மீது பேபாலில் புகார், போடலாம். 'ஃபிரண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி' (தெரிந்தவர்களுக்குப் பணம் அனுப்பும் வழி) மூலம் அனுப்பியிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. கட்டணம் மிச்சமாகும் என்று சொல்லி அதில் அனுப்பச் சொல்கிறவரிடம் வாங்காதீர்கள், எவ்வளவு பேர் அவரை நல்லவர் என்று சொன்னாலும் சரி. இபேயில் வாங்கியதென்றால் பொருள் கைக்கு வந்து 30 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்கலாம், அதற்கான கெடுவை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நேரடியாக வங்கிக் கணக்குக்கு அனுப்பியதென்றால் அன்றைக்கே வங்கியைக் கூப்பிடுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

4. ஒரே ஒரு செய்தி

கோபத்தில் பத்துச் செய்தி அனுப்பினால் பேச்சு உங்கள் கோபத்தைப் பற்றியதாக மாறிவிடும், பூஞ்சை மறந்துபோகும். இவ்வளவு எழுதினால் போதும்:

"வணக்கம். நீங்கள் அனுப்பிய லென்ஸ் இன்று வந்தது. உள்ளே பூஞ்சை இருக்கிறது, வீடியோ இணைத்திருக்கிறேன். விளம்பரத்தில் சுத்தம் என்று இருந்தது. லென்ஸைத் திருப்பி அனுப்புகிறேன், முழுப் பணமும் வேண்டும். மூன்று நாளுக்குள் பதில் சொல்லுங்கள்."

சில சமயம் விற்றவருக்கே தெரியாமல் இருந்திருக்கும். டார்ச் அடித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் நிறைய பேர். நேர்மையானவர் என்றால் இந்தச் செய்தியிலேயே விஷயம் முடிந்துவிடும்.

5. மூன்று நாள் போயும் பதில் இல்லையா? டிஸ்பியூட் போடுங்கள்

இங்கேதான் பலர் தோற்கிறார்கள். டிஸ்பியூட் போட்டவுடன் ஒரு கனிவான பதில் வரும்: "எதற்கு இதெல்லாம், கேஸை மூடுங்கள், உடனே பணம் போடுகிறேன்." மூடாதீர்கள். பேபாலில் ஒரு தடவை மூடினால் திரும்பத் திறக்க முடியாது. கேஸ் திறந்திருக்கும்போதே அவரால் பணத்தைத் திருப்ப முடியும், அதனால் மூடச் சொல்வதற்கு நியாயமான காரணமே இல்லை. இன்னொரு வகை, "ஊரில் இல்லை, அடுத்த வாரம்" என்று இழுப்பது. பேபாலில் டிஸ்பியூட் போட்ட 20 நாளுக்குள் அதை கிளைமாக (பேபாலே தீர்ப்புச் சொல்லும் கட்டமாக) மாற்றாவிட்டால் அது தானாகவே மூடிக்கொள்ளும், அந்த இழுவை அதற்காகத்தான். டிஸ்பியூட் போட்டதிலிருந்து 15ஆம் நாளை நாட்காட்டியில் குறித்துவையுங்கள், அன்றைக்குள் கிளைமாக மாற்றிவிடுங்கள்.

திருப்பி அனுப்பச் சொன்னால் கேஸில் கொடுத்திருக்கும் முகவரிக்கு மட்டும், டிராக்கிங் எண்ணோடு அனுப்புங்கள். "இந்த முகவரிக்கு வேண்டாம், என் நண்பர் வீட்டுக்கு அனுப்புங்கள்" என்று தனியாகச் செய்தி வந்தால் கேட்காதீர்கள். அப்புறம், பெட்டி கட்டுவதையும் வீடியோ எடுங்கள், அதிலும் சீரியல் எண் தெரியட்டும்.

6. மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்

முதலில் குழுவின் அட்மினுக்கு எல்லா ஆதாரமும் அனுப்புங்கள். பொதுவில் எழுதும்போது நடந்ததை மட்டும் தேதிவாரியாக எழுதுங்கள், "திருடன்" என்ற வார்த்தை வேண்டாம், அவருடைய போன் எண்ணையோ வீட்டு முகவரியையோ போடவே வேண்டாம். "நல்லவராச்சே அவர்" என்று நான்கு பேர் வருவார்கள். அவர்களோடு வாதாடாமல் வீடியோவைப் போடுங்கள்.

நான் அப்படி எழுதிய அன்றே இரண்டு பேர் தனியாகச் செய்தி அனுப்பினார்கள், அதே ஆள், அதே மாதிரி முன்பக்கப் படங்கள். ஒருவர் பணம் கட்டி ஐந்து மாதம் ஆகியிருந்தது, இனி ஒன்றும் முடியாது என்று விட்டிருந்தார். 180 நாள் கணக்கைச் சொன்னதும் அன்று இரவே டார்ச்சை எடுத்து வீடியோ எடுத்து டிஸ்பியூட் போட்டுவிட்டார்.